சூடு ஆறுவதற்குள்: குமரி மாவட்டத்து பேக்கரிகள் வழியே

டிசம்பர் 17, புதன். ஆரல்வாய்மொழி, நாகர்கோவில்

மார்கழி பிறந்த மறுநாள். வள்ளியூர் வரை மூட்டமாக இருந்த வானம் ஆரல்வாய்மொழி வந்ததும் கொஞ்சம் வெளுத்தது. முப்பந்தலில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஆனி ஆடியில் இந்தக் கணவாய்க் காற்று காரையே ஒரு பக்கமாகத் தள்ளும். இப்போது பாதிக்கு மேல் சும்மா நின்றன.

அண்ணன் ஓட்டினான், நான் பக்கத்தில். அவன் மெல்போர்னில் வேலை பார்க்கிறான், லீவில் வந்திருக்கிறான். கல்லூரிப் படிப்பு முழுக்க நாகர்கோவில் பக்கம் என்பதால் இந்த மாவட்டத்தின் மேல் அவனுக்கு ஒரு தனிப் பிரியம். வழியெல்லாம் மீட் பை பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அங்கே காரை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்புகிறவர்கள் நடுவில் ஏதாவது சின்ன ஊர் பேக்கரியில் நிறுத்தி அதை வாங்கிச் சாப்பிடாமல் போக மாட்டார்களாம். உள்ளங்கையில் அடங்குகிற வட்டம். அடியிலும் சுற்றிலும் கெட்டியான மாவு, மேலே பொரபொரவென்று ஒரு மூடி, உள்ளே குழம்போடு கொத்துக்கறி. மூடிக்கு மேல் தக்காளி சாஸ் ஊற்றிக் கையிலேயே வைத்துச் சாப்பிடுவார்கள். ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போனாலும் அதுதான். மீட் பை என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் எடையில் கால் பங்காவது இறைச்சி இருக்க வேண்டும் என்று அந்த நாட்டு உணவு விதியிலேயே இருக்கிறது.

"நம்ம ஊர்ல அதுக்குப் பக்கத்துல வர்றது பப்ஸ்தான். அதையும் ஒழுங்காப் போடுறது குமரி மாவட்டத்துலதான்" என்றான். அதனால்தான் இந்தப் பயணம். கோயில், அருவி, கடல் எல்லாம் வழியில் வந்தால் பார்ப்போம். பேக்கரிகளைத் தேடித்தான் கிளம்பினோம்.

முதலில் கிடைத்தது ஏமாற்றம். நெடுஞ்சாலையோரம் பெரிய போர்டும் பளபளப்பான கண்ணாடியும் வைத்த ஒரு பேக்கரி. பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கன் பப்ஸ் அடுக்கியிருந்தது. ஒன்று 30 ரூபாய். "எப்ப போட்டது தம்பி?" என்று கேட்டதற்கு "இப்பதான்" என்று பதில் வந்தது. கடித்ததும் தெரிந்துவிட்டது. மேல் அடுக்கு காய்ந்து உதிர்ந்தது, அடி அடுக்கு ஈரம் ஏறி ஒட்டிக்கிடந்தது, மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் படலம் படிந்தது. பேக்கரிகளில் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் போடுகிற மார்கரின் நம் உடம்புச் சூட்டுக்கு முழுசாக உருகாது. சூடாக இருக்கும்போது அது தெரியாது, ஆறினால் வாயில் தங்கிவிடும். அந்த பல்புச் சூடு பப்ஸைச் சூடாகவும் வைக்காது, ஆறவும் விடாது. காலையில் போட்டதைப் பகல் முழுக்க இப்படி வைத்து விற்பதும், கேட்டால் பொய் சொல்வதும் சாப்பிட வருகிறவர்களுக்குச் செய்கிற அநியாயம். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

நாகர்கோவில் வந்து சேரும்போது மணி நாலேகால். கோட்டாறு பக்கம் ஒரு குறுகலான தெருவில், அண்ணன் படிக்கிற காலத்திலிருந்து தெரிந்த ஒரு பேக்கரி. முன்பக்கம் எட்டடி அகலம் இருந்தால் அதிகம். தட்டில் மூன்று மட்டன் பப்ஸ் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டோம். கல்லாவில் இருந்த பெரியவர் தலையை ஆட்டிவிட்டார்.

"அது காலம்பற போட்டதாக்கும். கால் மணிக்கூர் இருங்க, சூடா வரும். எங்கேருந்து வாறிய?"

மதுரை என்றோம். ஸ்டூலை இழுத்துப் போட்டார். பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது, 12 ரூபாய். விற்பனைக்கு இருக்கும் பொருளைத் தானே வேண்டாம் என்று சொன்ன மனுஷனை அன்றைக்கு அந்த நெடுஞ்சாலைக் கடைக்குப் பிறகு பார்த்தது மனசுக்கு இதமாக இருந்தது.

கால் மணி நேரம் என்றது இருபத்தைந்து நிமிடமானது. தட்டு உள்ளேயிருந்து வெளியே வரும்போதே அதற்கென்று நாலைந்து பேர் நின்றார்கள். பப்ஸ் ஒன்று 40 ரூபாய். சதுரமாகக் கிழித்த செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தார்கள். ரொட்டி வாங்க வந்திருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து, "நடுவுல கடிக்காதிய, ஆவி அடிக்கும். ஓரத்துலேருந்து வாங்க" என்றார். அவர் சொன்னபடி மூலையிலிருந்து ஆரம்பித்தேன். அடுக்குகள் ஒவ்வொன்றாக நொறுங்கி, மாவே கொஞ்சம் இனித்தது. கறி சின்னச் சின்னத் துண்டு, வெங்காயத்தோடு நன்றாகச் சுருள வதக்கியது. மிளகும் சோம்பும் முன்னால் வந்தன. உருளைக்கிழங்கைப் போட்டு நிரப்பவில்லை.

அண்ணன் இரண்டாவதும் வாங்கினான். "கறி சரி. மாவும் சரி. ஆனா பை இல்ல. குழம்பு இல்லாம அது பை ஆகாது" என்றான்.

டிசம்பர் 18, வியாழன். தக்கலை, மார்த்தாண்டம்

இரவெல்லாம் மழை. வடகிழக்குப் பருவமழையின் கடைசி வாரங்கள். காலையிலும் விட்டு விட்டுத் தூறியது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசுதான் அதைப் பராமரிக்கிறது. மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை அவர்கள் கையிலேயே இருந்துவிட்டது. மரவேலைப்பாடு பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் நின்று பார்த்தது ஊட்டுப்புரையை. இரண்டு மாடியில், ஆயிரம் பேருக்குப் பந்தி போட்டுச் சோறு போட்ட நீளமான கூடம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனச் சாடிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. அவற்றின் வாய்க்குள் என் கை முழுசாகப் போகும்.

மதியம் தக்கலையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த மீன்குழம்பு, உள்ளித்தீயல், அவித்த மரச்சீனிக் கிழங்கு. 130 ரூபாய். பரிமாறிய அம்மா கிழங்கு தீரத் தீர வைத்துக்கொண்டே இருந்தார். போதும் என்றால், "மழைக்கு இது கிடக்கட்டும் மக்களே" என்பார். தீயலில் தேங்காயைக் கருகும் எல்லை வரை வறுத்திருந்தார்கள். அந்த வறுத்த வாசனை கையில் சாயங்காலம் வரை இருந்தது. இந்த மாவட்டத்தின் சமையல் ருசி முழுக்க அந்த வறுப்பில்தான் இருக்கிறது என்று அப்போதே தோன்றியது. இரண்டு நாள் கழித்து அதையே ஒரு மீட் பைக்குள் பார்க்கப் போகிறேன் என்று தெரியாது.

தக்கலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ரசவடை சாப்பிட நின்றபோதுதான் விஷயம் கிடைத்தது. நாங்கள் பேக்கரி பேக்கரியாகப் போகிறோம் என்பதை அண்ணன் டீ மாஸ்டரிடம் சொல்ல, பெஞ்சில் இருந்த ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "நீங்க சொல்லுற சாதனம் இங்க ஒரு எடத்துல உண்டு. பப்ஸ் இல்ல, கிண்ணத்துல வச்சுப் போடுறது. குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவுல, கடற்கரை ரோட்டுல, குருசடி பக்கத்துல. எங்கூட கப்பல்ல சமையல் பண்ணுனவன்தான். சனிக்கிழமை மட்டும் போடுவான்" என்றார். குருசடி என்றால் சாலையோரச் சின்னச் சிலுவைக் கோயில். போன் நம்பர் கேட்டோம். "நம்பர் எதுக்கு? நேர போங்க, குடுப்பான்" என்றார். டீக்குக் காசு கொடுக்கப் போனால் எங்கள் இரண்டு டீக்கும் அவரே கொடுத்திருந்தார்.

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் கொஞ்ச தூரம்தான். அதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கிறிஸ்மஸ் கூட்டம், மழை, குண்டும் குழியுமான சாலை. மேம்பாலம் ஏறுவதற்குள் இருட்டிவிட்டது. வீடு தவறாமல் நட்சத்திர விளக்கு. லாட்ஜ் ஜன்னலுக்குக் கீழே ராத்திரி பத்து மணிக்கு ஒரு கேரல் கூட்டம் மேளத்தோடு வந்தது. மழைக்கோட்டு போட்ட கிறிஸ்மஸ் தாத்தாவை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன்.

டிசம்பர் 19, வெள்ளி. மாத்தூர், குலசேகரம், அருமனை

காலையில் வெயில் அடித்தது. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்தோம். காமராஜர் காலத்து முயற்சி, 1966இல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே சுமார் 115 அடி உயரத்தில் ஒரு தொட்டியே பாலமாகப் போகிறது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் அதற்குள் ஓடுகிறது, பக்கத்தில் நாம் நடக்கலாம். கீழே தென்னந்தலைகள். எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்பதால் கைப்பிடிச் சுவரை விடாமல் போய் வந்தேன். பாலத்தடியில் அன்னாசிப்பழத்தை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி 30 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

திற்பரப்பில் தண்ணீர் கலங்கலாக, முழு அகலத்துக்கும் விழுந்துகொண்டிருந்தது. குளிக்க விடவில்லை. பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

குலசேகரத்திலிருந்து அருமனைக்குப் போகிற ரப்பர் தோட்டச் சாலையில் பின் டயர் போய்விட்டது. ஸ்டெப்னியிலும் காற்று குறைவு. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், மரத்துக்கு ஒரு கொட்டாங்குச்சி, ஆள் நடமாட்டம் இல்லை. அந்த நேரம் பார்த்து மழை. ஸ்கூட்டரில் போன ஒரு பையன் நிறுத்தி, என்ன ஏது என்று கேட்டு, போய் பஞ்சர் கடைக்காரரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தான். பையன் பெயர்கூடச் சொல்லவில்லை, டியூஷனுக்கு நேரமாச்சு என்று போய்விட்டான். கடைக்காரர் டயரைக் கழற்றிக்கொண்டு போய் ஒட்டி, திரும்ப மாட்டிக் கொடுத்து 200 ரூபாய் வாங்கினார். நாங்கள் மழையில் நிற்கிறோம் என்று வரும்போது ஒரு குடையும், பிளாஸ்கில் கட்டன் சாயாவும் கொண்டுவந்திருந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. நல்ல பப்ஸ் எங்கே கிடைக்கும் என்று அவரிடமும் கேட்டோம். அருமனை போகிற வழியில் ஒரு ஜங்ஷன் சொன்னார். "மூணரைக்கு மேல போங்க. அதுக்கு முன்ன போனா ஒண்ணும் காணாது."

கிறிஸ்மஸ் விழாவுக்குப் பேர்போன ஊர் அருமனை. அந்த வழியெல்லாம் தோரணம். ஜங்ஷன் பேக்கரியில் மூன்றரைக்கே கூட்டம். பீஃப் பப்ஸ் 30 ரூபாய். கறியில் தேங்காயைப் பல்லு பல்லாகக் கீறிப் போட்டு, இரண்டும் ஒரே நிறமாகிற வரை வறட்டியிருந்தார்கள். மிளகுக் காரம், கறிவேப்பிலை, நடுநடுவே கடிபடுகிற தேங்காய். கோட்டாற்றுப் பப்ஸைவிட இது எனக்குப் பிடித்தது. மாவு கொஞ்சம் தடிமன், ஆனால் அந்தக் கறிக்கு அது தாங்கியது.

மழை விடவில்லை. கடைக்காரர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அப்படியே பின்கட்டையும் காட்டினார். செங்கல் வளைவு கட்டிய விறகு அடுப்பு. ரப்பர் விறகும் கொட்டாங்குச்சியும் போட்டு எரித்து, கங்கைத் தள்ளிவிட்டு, சுவரில் ஏறின சூட்டில்தான் வேகவைக்கிறார்கள். முதல் சூட்டில் பப்ஸ். சூடு இறங்க இறங்க ரொட்டி, பன். கடைசியில் மிச்சச் சூட்டில் ரஸ்க் காய்கிறது. ஒரு தடவை மூட்டிய தீயை இப்படி மணிக்கணக்கில் வீணாக்காமல் வாங்குகிறார்கள்.

மாவு மடிப்பது ராத்திரி இரண்டு மணிக்கு. மைதா மாவைப் பரத்தி, நடுவில் கொழுப்பை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடித்து, ஆறப் போட்டு, மறுபடி தேய்த்து மடிக்க வேண்டும். நாலு தடவை மடித்தால் 81 அடுக்கு. அடுப்புக்குள் போனதும் மாவில் இருக்கிற தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேலே தூக்கும், கொழுப்பு நடுவில் இருப்பதால் அடுக்குகள் ஒட்டாது. தேய்க்கும்போதே கொழுப்பு இளகிவிட்டால் மாவோடு கலந்துபோய்விடும், அப்புறம் அடுக்கே வராது. அதற்காகத்தான் புழுக்கம் இல்லாத நடுராத்திரி. "பகல்ல ஏசி போட்டுச் செய்யுறவங்க உண்டு. நமக்கு ராத்திரியே ஏசி" என்றார். மாவு தேய்க்கிற பலகையில் நடுப்பகுதி மட்டும் குழிந்து தேய்ந்திருந்தது.

அவர் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். 30 ரூபாய்க்கு நாம் நின்றபடி தின்றுவிட்டுப் போகிற பண்டத்துக்குப் பின்னால் ஒருவர் வருஷக்கணக்கில் ராத்திரித் தூக்கத்தை விட்டிருக்கிறார். குமரி மாவட்டம் என்றால் சூரிய உதயம், பாறை, கண்ணாடிப் பாலம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்த ஜங்ஷன்களில் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும்.

டிசம்பர் 20, சனி. தேங்காப்பட்டணம், குளச்சல்

மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடை வழியாக தேங்காப்பட்டணம். குழித்துறை தாமிரபரணி கடலில் சேரும் இடம். துறைமுகத்தில் படகுகள் நெருக்கி நின்றன, எல்லாவற்றிலும் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து கிழக்கே கடற்கரைச் சாலை. இடது பக்கம் வீடுகள், வலது பக்கம் கல் போட்ட தடுப்புச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கடல். ஊருக்கு ஊர் கோயில், ஊருக்கு ஊர் குடில் போட்டுக்கொண்டிருந்த பையன்கள். குருசடி பக்கம் என்று சொன்னால் அந்தச் சாலையில் போதாது, ஏனென்றால் வளைவுக்கு ஒரு குருசடி இருக்கிறது. கேட்டுக் கேட்டுப் போனோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வாயால் சொல்லாமல் எழுந்து வந்து திருப்பம் வரை காட்டினார்கள்.

பத்து மணிக்குக் கடையைக் கண்டுபிடித்தோம். வீட்டின் முன்னறையைத்தான் கடையாக்கியிருக்கிறார். போர்டு இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர், கைலி, பனியன், கண்ணாடி. தக்கலையில் சொன்னவரைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். "அவன் இன்னும் டீக்கடையிலதான் இருக்கானா? சரி, பன்னெண்டரைக்கு வாங்க. அதுக்கு முன்ன அடுப்பைத் தெறக்க மாட்டேன்." முன்பணம் வேண்டாம் என்றார். எத்தனை வேண்டும் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஆளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது.

இடைப்பட்ட நேரத்தில் குளச்சல். 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கடற்கரை இது. வெற்றித் தூண் ஒன்று நிற்கிறது. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. தூணைச் சுற்றி ஒரு வட்டம் நடந்துவிட்டு மீன் ஏலம் பார்த்தோம். நெய்மீன் விலையைக் கேட்டுவிட்டு அண்ணன் மெதுவாக நகர்ந்துவிட்டான்.

பன்னிரண்டரைக்குத் திரும்பினால் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் கப்பலிலிருந்து கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. சிங்கப்பூர், டர்பன், ரோட்டர்டாம் என்று ஊர்கள் சாதாரணமாக வந்து விழுந்தன. அவர்களுக்காகத்தான் இதை ஆரம்பித்தாராம். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தபோது இரும்புத்தாது ஏற்ற ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்டுக்கு அடிக்கடி போயிருக்கிறார். அங்கே கரையில் இறங்கிய ஒரு நாளில்தான் முதல் தடவையாக மீட் பை சாப்பிட்டிருக்கிறார். "பசிச்சு எறங்குனவனுக்கு அது அமிர்தம். ஆனா உப்பும் மாவும்தான், மசாலா இல்ல. கப்பலுக்கு வந்து நான் மாத்திப் போட்டேன். பிலிப்பைன்ஸ்காரன், உக்ரைன்காரன் எல்லாரும் தின்னான்."

தட்டு வந்தது. அலுமினியக் கிண்ணங்களிலிருந்து கத்தியால் ஓரத்தை விடுவித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்று 70 ரூபாய். மேலே முட்டை தடவிய நிறம், நடுவில் ஆவி போக ஒரு துளை, அந்தத் துளையைச் சுற்றிக் குழம்பு பொங்கிக் காய்ந்த கறுப்பு வளையம். கையில் வைத்தால் கனம். பப்ஸுக்கு இந்தக் கனம் கிடையாது.

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மழை பிடித்துக்கொண்டது, ஓடு வேய்ந்த இறவாணத்துக்குக் கீழே எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் தன் பையைச் சாப்பிடாமல் மடியில் வைத்திருந்தார். "அஞ்சு நிமிஷம் பொறுங்க. உள்ள கொதிக்கும்" என்றார். பொறுத்தோம்.

மூடி அடுக்கடுக்காக நொறுங்கியது, நேற்று பார்த்த அதே மடிப்பு மாவு. அடியும் பக்கமும் வேறு. கொழுப்பை மாவில் விரலால் உதிர்த்துப் பிசைந்த கெட்டி மாவு. அதில் அடுக்கு கிடையாது, உப்பாது, பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வரும். குழம்பு ஒழுகாமல் நிற்பது அதனால்தான். உள்ளே மாட்டிறைச்சி, மெஷினில் அரைத்தது இல்லை, கத்தியால் கொத்தியது. அதற்கு வறுத்த மல்லி, மிளகு, சோம்பு, வறுத்த தேங்காய். தக்கலைத் தீயலில் இருந்த அதே வறுத்த வாசனை. குழம்பைக் கெட்டியாக்க மைதாவைக் கொழுப்பில் சிவக்க வறுத்துச் சேர்த்திருக்கிறார். கடித்த இடத்தில் குழம்பு தளும்பி நின்றது, சிந்தவில்லை. மாவின் அடிப்பக்கம் உள்ளே குழம்பைக் குடித்து இளகியும், வெளியே மொறுமொறுப்பாகவும் இருந்தது. அந்த இரண்டும் சேர்கிற இடம்தான் இந்தப் பண்டத்தின் உயிர் என்று நினைக்கிறேன். பப்ஸில் எவ்வளவு நல்ல கறி வைத்தாலும் அந்த இடம் வராது.

அண்ணன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சாஸ் இருக்கிறதா என்று கேட்டான். உள்ளேயிருந்து பாட்டில் வந்தது. பாதியைச் சாஸோடு, பாதியைச் சும்மா சாப்பிட்டான். "மெல்போர்ன்ல இதைவிட மாவு நல்லா இருக்கும், அங்க வெண்ணெய் போடுவாங்க. கறி இதுக்குக் கிட்ட வராது" என்றான். நியாயமான தீர்ப்பு. மாவில் மார்கரின் வாசனை லேசாக இருக்கத்தான் செய்தது. வெண்ணெய் போட்டால் விலை நூறைத் தாண்டும், இந்த ஊர் வெக்கையில் மாவும் நிற்காது என்று அவரே சொன்னார்.

கறியை முந்தின நாள் ராத்திரியே சமைத்து முழுசாக ஆறவைத்துவிட வேண்டும். சூட்டோடு வைத்தால் மாவிலிருக்கிற கொழுப்பு உருகி அடி நமத்துப்போகும். சனிக்கிழமை மட்டும் போடுவதற்குக் காரணமும் கேட்டேன். வெள்ளி சாயங்காலம்தான் தனக்குப் பிடித்த மாதிரி கறி கிடைக்கிறது, மற்ற நாளில் போட்டால் மனசு ஒப்பாது என்றார். 24ஆம் தேதி மட்டும் விதிவிலக்கு. பாதிராப் பூசைக்கு முன்னால் ஊருக்கே போட வேண்டுமாம்.

ஒரு மணி அடிக்கும்போது தட்டு காலி. மழைக்கு ஒதுங்கிய ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டுப் பார்த்தார், இல்லை. அடுத்த சனிக்கிழமைக்கு நோட்டில் எழுதிவிட்டுப் போனார்.

எங்கள் பங்கில் மிச்சம் இரண்டை அம்மாவுக்கு எடுத்துக்கொண்டோம். நான் பிளாஸ்டிக் கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இதுல போட்டா வேர்த்துப் போவும்." காகிதத்தில் வைத்து, ஆறின பிறகு கட்டு என்று மூடாமல் அப்படியே கொடுத்தார். லாட்ஜ் வரவேற்பறையில் இருந்த தம்பி அதைத் தங்கள் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, யாரும் தொடாமலிருக்க எங்கள் அறை எண்ணையும் ஒட்டிவைத்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு. மதுரை திரும்பியது

காலையில் பூசை முடிகிற வரை மார்த்தாண்டத்தில் பாதிக் கடை திறக்கவில்லை. தேன் ஒரு கிலோ வாங்கினோம். நாகர்கோவிலில் நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, மட்டிப் பழம் கிலோ 90 ரூபாய். மட்டி சின்னதாக, நுனி நீண்டு, நல்ல மணத்தோடு இருக்கும். புவிசார் குறியீடு வாங்கிய பழம். பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பது இதைத்தான் என்று கடைக்கார அம்மா சொன்னார். திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழியில் நல்ல வெயில்.

நாலு மணிக்கு வீடு. மைக்ரோவேவில் வைத்தால் மாவு சவசவத்துவிடும் என்பதால் தோசைக்கல்லைச் சிறு தீயில் காயவைத்து, பையை வைத்து, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்துப் பதினைந்து நிமிடம் விட்டேன். அடி நன்றாகத் திரும்பி மொறுமொறுத்தது. மூடி நேற்றைக்கு இருந்ததில் பாதிதான் வந்தது. குழம்பு மட்டும் ஒரு நாள் ஊறியதில் இன்னும் இறங்கியிருந்தது.

அம்மா முதல் துண்டிலேயே மல்லி, மிளகு, சோம்பு மூன்றையும் சொல்லிவிட்டாள். சோம்பு ஒரு சிட்டிகை கூடுதல் என்றாள். அடி மாவு எப்படிப் பிசைந்தார், கிண்ணம் எவ்வளவு ஆழம், குழம்பு எந்தப் பதத்தில் இறக்கினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கிண்ணத்தின் ஆழம் தவிர மற்றதெல்லாம் என்னிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு அரைக்கிலோ எலும்பில்லாத கறிக்குக் கடையில் சொல்லியாயிற்று. மாவுக்கு வெண்ணெய்தான் என்று அண்ணன் பிடிவாதமாக இருக்கிறான், ராத்திரி இரண்டு மணிக்கு அதை மடிக்கப் போகிறவனும் அவன்தான்.